ஐந்து சதவீத மாப்பிள்ளை

கண்ணாடிக் கடையில் விற்பனை மேலாளராக இருந்தவருக்குக் குடும்பத்தில் வழங்கிய பெயர் சதவீதம். மனைவியின் தங்கை வைத்த பெயர் அது. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை சதவீதம்?" என்பதுதான். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொன்ன டாக்டரிடமும் அதையே கேட்டார். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் போல வாங்கிக்கொண்டார்.

தொழிலில் ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. கண்ணாடி போட வருகிறவர் முன்னால் மூன்று லென்ஸ்களை வரிசையாக வைப்பார். முதலாவது, வாங்கினால் நாலு பேர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று பயப்படுகிற விலை. மூன்றாவது, கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற விலை. வந்தவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு நடுவில் இருப்பதைத் தொடுவார். கடை விற்க நினைத்ததும் அதைத்தான். இப்படி ஊரையே நடுவில் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்த மனிதரை, சூப்பர் மார்க்கெட் வாசலில் குட்டை மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வங்கிப் பெண், கையிலிருந்த காபி ஆறுவதற்குள் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

அன்று அவருடன் மனைவியும் சகலையும் இருந்தார்கள். சகலை என்றால் அந்தத் தங்கையின் கணவர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டு கத்தினாலும் பதறாமல் "வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொல்லிப் பழகிய மனிதர்.

"ரெண்டு கார்டு இருக்கு சார்," என்றாள் அந்தப் பெண். "இதுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. எதை வாங்கினாலும் ஒண்ணரை சதவீதம் கேஷ் பேக். இதுக்கு வருஷத்துக்கு அஞ்சாயிரம் கட்டணம். ஆனா மளிகை, பெட்ரோல், மருத்துவம் மூணுக்கும் அஞ்சு சதவீதம் திரும்பி வரும்."

"கட்டணம் இல்லாததையே குடும்மா," என்று சகலை நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு பல்பு வாங்க உள்ளே போய்விட்டார்.

சதவீதத்துக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஒரு மனிதன் வாழ்க்கையில் எடுக்கிற முடிவை இப்படியா எடுப்பது? அவர் இரண்டு கையேடுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பிடும்போது ஒன்றைத் தண்ணீர் செம்பில் சாய்த்து வைத்துப் படித்தார். பெரிய எழுத்தெல்லாம் படித்தார். பொடி எழுத்துக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிற தனக்கே வெள்ளெழுத்து என்பதை வெளியே காட்டிக்கொள்ள அவருக்கு மனசில்லை. பொடி எழுத்தைப் படிக்காமலே தலையை மட்டும் ஆட்டினார்.

மனைவிக்குக் கூரியர் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிறவள் ஆதலால் வீட்டில் குரலை உயர்த்துவதில்லை.

"நாம மாசம் மளிகைக்கு எவ்வளவு செலவு பண்றோம்னு முதல்ல பாருங்க," என்றாள்.

"அதை எதுக்குப் பாக்கணும்? சதவீதத்தைப் பாரு. ஒண்ணரை எங்கே, அஞ்சு எங்கே."

"நாம ரெண்டு பேரு. பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. எவ்வளவுதான் தின்போம்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

உண்மையில் முடிவைச் செய்தது கணக்கு இல்லை. அடுத்த வாரம் சகலை போன் செய்து, "அண்ணே, எனக்குக் கார்டு வந்துடுச்சு. ஒரு தொல்லையும் இல்ல. நீங்களும் இதையே வாங்கிக்கங்க," என்றார். அவ்வளவுதான். முன்பு ஒருமுறை சகலை வாங்கிய அதே குளிர்பெட்டியை அறியாமல் தானும் வாங்கிவிட்டு, "என்னைப் பாத்துத்தான் அண்ணன் வாங்கினார்" என்ற பேச்சைச் சதவீதம் மூன்று கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறார். சகலை சட்டைப்பையில் இருக்கிற கார்டே தன் சட்டைப்பையிலுமா? அன்று மாலையே கட்டணக் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

கார்டு ஒரு பெட்டியில் வந்தது. உள்ளே கறுப்புத் துணி, துணிக்குள் உலோகத் தகடு. மேசையில் போட்டால் "டங்" என்றது. அவர் பலமுறை போட்டுப் பார்த்தார். கூடவே வந்த விதிமுறைப் புத்தகத்தை மனைவி எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தாள். திரும்பி வந்து ஏதோ சொன்னாள். அவர் துணியைத் தடவிக்கொண்டே "ம், ம்" என்றார்.

முதல் மாதக் கணக்கு வந்தபோதுதான் இரண்டு பேர் தின்கிற மளிகையில் ஐந்து சதவீதம் என்பது எவ்வளவு சொற்பம் என்று தெரிந்தது. கட்டணத்தை மீட்க வேண்டுமானால் இன்னும் நிறையச் செலவு வேண்டும். சொந்தச் செலவு போதவில்லை. ஆகவே அடுத்தவர் செலவில் இறங்கினார்.

சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் பின்னால் நிற்பவரிடம் திரும்பி, "நீங்க பணமாத்தானே குடுக்கப் போறீங்க? என் கார்டுல தேச்சிடறேன். அப்புறம் கையில குடுத்துடுங்க," என்பார். பாதிப் பேர் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். ஒருநாள் பால் பாக்கெட்டோடு நின்ற ஒரு பெண்மணி மட்டும் அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"அஞ்சு சதவீதம்."

"அப்ப எனக்கு ரெண்டரை குடுங்க."

சதவீதம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ரெண்டுன்னா சரி," என்றார். கல்லாவில் இருந்த பெண், "சார், பின்னால ஆளுங்க நிக்கிறாங்க," என்று மூன்றாம் முறையாகச் சொன்னாள். அவர் மனைவி தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய், எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தனியாக வந்தவள் போல நின்றாள்.

கடையில் லென்ஸ் தேய்ப்பவருடைய வீட்டு மளிகை, கணக்காளருடைய பெட்ரோல், முதலாளியம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அந்தக் கார்டில் ஏறின. எல்லோரிடமும் "அப்புறம் கையில குடுத்துடுங்க" என்பார். சிலர் அன்றே கொடுத்தார்கள். சிலர் சம்பள நாளில் கொடுத்தார்கள். கணக்காளர் "அட, மறந்தே போச்சு" என்று ஒவ்வொரு முறையும் புதிதாக வியந்தார். இத்தனை பாடுபட்டதற்கு மாதம் முந்நூறும் சில்லறையும் திரும்ப வந்தது. அதைச் சதவீதம் ஏதோ புதையல் எடுத்தவர் போல வீட்டில் அறிவித்தார்.

இந்த நிலையில்தான் மாமனாரின் முழங்கால் போய்விட்டது என்று செய்தி வந்தது.

மாமனார் பழைய தட்டுமுட்டுச் சாமான் ஏலம் விடுகிற கம்பெனியில் ஏலம் கூறுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கால் உடைந்த அலமாரி ஒன்றுக்காக இரண்டு பணக்காரர்களை ஒருவரையொருவர் முறைக்க வைத்த மனிதர் என்று அவருக்கு அந்தக் காலத்தில் பெயர். மனைவி போன பிறகு விதவைத் தங்கையோடு இருந்தார். யாரிடமும் கை நீட்டாதவர். முழங்கால் மாற்று அறுவைக்கென்று பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைத்திருந்தார்.

மருத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் சதவீதத்தின் முகத்தில் வந்த களையைப் பார்த்து, மாமனார்மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று மனைவியே ஒரு கணம் ஏமாந்தாள். லட்சக்கணக்கில் ஐந்து சதவீதம். ஒரே தேய்ப்பில் இரண்டு மூன்று வருடக் கட்டணம் வசூல். லென்ஸ் உறைகளின் பின்பக்கமெல்லாம் பெருக்கல் போட்டுப் பார்த்தார். கார்டில் தேய்ப்பது, மாமனாரிடம் கையில் வாங்கிக்கொள்வது, இடையில் விழுகிறதைத் தான் வைத்துக்கொள்வது. யாருக்கும் நஷ்டமில்லை.

மருத்துவமனையில் சேர்க்கிற அன்று காலை எல்லோரும் பணம் கட்டும் இடத்தில் கூடினார்கள். மாமனார் சக்கர நாற்காலியில். ஒரு பக்கம் அவர் தங்கை, மறுபக்கம் மகள்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு காசாளர் இளைஞன். மாமனார் பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

"அதெல்லாம் உள்ள வைங்க மாமா," என்றார் சதவீதம். "நான் கார்டுல கட்டிடறேன்."

கார்டு தடுப்புக்குக் கீழே "டங்" என்று விழுந்தது. "அப்புறம் கையில குடுத்துடுங்க" என்ற பாக்கி வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் மாமனாரின் தங்கை சதவீதத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான்பா. நீ நல்லா இருக்கணும்."

பக்கத்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காசாளரும் நிமிர்ந்து பார்த்தான். பால் பாக்கெட் வாங்க வந்தவளிடம் தயங்காமல் வந்த வாக்கியம் இங்கே வர மறுத்தது. சதவீதம் அதை விழுங்கிவிட்டு அடக்கமாகச் சிரித்தார். எப்படியும் மாமனார் கை சுத்தமானவர், தானாகவே கொடுத்துவிடுவார் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"இருங்கண்ணே," என்றார் சகலை. "எங்கிட்டயும் கார்டு இருக்கு. நான் கட்டறேன்."

மாமனார் இரண்டு மாப்பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வலியில் சுருங்கியிருந்த முகம் மெல்ல விரிந்தது. அவர் ஓய்வு பெற்ற நாளுக்குப் பிறகு மகள்கள் பார்த்திராத ஒரு வெளிச்சம் அதில் வந்தது.

"சின்ன மாப்பிள்ளை கட்டறேங்கறாரு," என்றார், யாரையும் பார்க்காமல், பொதுவாக.

"பொது அறையா, தனி அறையா சார்?" என்று கேட்டான் காசாளர்.

"தனி அறை," என்றார் சதவீதம்.

"பெரிய மாப்பிள்ளை தனி அறைங்கறாரு."

"ஏசியோட தனி அறை," என்றார் சகலை.

"எல்லாத் தனி அறையும் ஏசிதான் சார்," என்றான் காசாளர்.

மாமனார் கொஞ்சம் இடைவெளி விட்டார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, "முட்டிலயும் மூணு விதம் இருக்காம். டாக்டர் சொன்னாரு. சாதா ஒண்ணு, நடுத்தரம் ஒண்ணு, வெளிநாட்டுது ஒண்ணு. வெளிநாட்டுது முப்பது வருஷம் உழைக்குமாம்," என்றார். அவருக்கு அப்போது எழுபத்து நாலு வயது. "நமக்கெதுக்கு அதெல்லாம்," என்று நிறுத்தினார்.

"நடுத்தரம் போட்டுக்கலாம் மாமா," என்றார் சகலை.

"சின்ன மாப்பிள்ளை நடுத்தரம் போதுங்கறாரு."

'போதும்' என்பதை அவர் அழுத்தவே இல்லை. லேசாகத்தான் சொன்னார்.

"வெளிநாட்டுதே போடுங்க," என்று சதவீதம் காசாளரைப் பார்த்துச் சொன்னார். மூன்று லென்ஸ் வைத்து ஊரை ஏய்த்தவர்தான் அப்படிச் சொன்னார்.

சகலையின் மனைவி தன் கணவரின் முழங்கையை எங்கோ கிள்ளியிருக்க வேண்டும். அவர் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமனார் ஒரு தடவை சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு, "சரி, பெரிய மாப்பிள்ளைக்கே," என்றார்.

"அப்பா வெச்சிருக்கற பணம் சாதா முட்டிக்குத்தாங்க," என்று மனைவி காதோரம் சொன்னாள்.

"சும்மா இரு. தொகை ஏற ஏற நமக்குத்தான் லாபம். அஞ்சு சதவீதம்."

அவள் தொலைந்துபோன பார்சலுக்காகக் கத்துகிறவர்களிடம் காட்டுகிற அதே மரியாதையான முகத்தை வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அறுவை நன்றாக நடந்தது. மாமனார் தனி அறையில் குளிர்ந்த காற்றில் படுத்திருந்தார். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வேலையாகப் பெரிய மாப்பிள்ளையைக் காட்டினார். "எல்லாம் இவரு செலவு. வெளிநாட்டு முட்டி. வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை." வந்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். சதவீதத்தின் தோளைத் தட்டினார்கள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், தன் மனைவிக்கும் கண்ணில் புரை விழுந்திருப்பதாகவும் பிறகு தனியாகப் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் வீடு திரும்பிய பிறகு சதவீதம் தினமும் கடை முடிந்து அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பணப் பேச்சு வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தானாக வராதபோது மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"கார்டு பில்லு இந்த வாரம் வந்துடும் மாமா."

"வரட்டும் மாப்பிள்ளை. நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் என்ன குடுக்கப் போறேன்?"

சதவீதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வங்கிக் கணக்கு எண் அவருக்கு மனப்பாடம்.

"ஆண்டவன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்," என்று மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

பில் வந்தது. மூன்றரை லட்சம் என்ற தொகைக்குக் கீழே, கேஷ் பேக் என்ற இடத்தில், நானூறு என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்றுதான் நினைத்தார். வங்கிக்குப் போன் செய்தார்.

"மாதத்துக்கு அதிகபட்சம் நானூறு சார். விதிமுறையில இருக்கு," என்றாள் எதிர்முனைப் பெண்.

"மருத்துவத்துக்கு அஞ்சு சதவீதம்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

"ஆமா சார், அஞ்சு சதவீதம்தான். நானூறு வரைக்கும்."

போனை வைத்தபோது மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு நானூறு எவ்வளவு?" என்று கேட்டாள்.

சதவீதம் என்று பெயரெடுத்தவர் விரலை மடக்கி எண்ணினார். "நாலாயிரத்து எண்ணூறு."

"ஆண்டுக் கட்டணம்?"

அவர் பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசம் விடாம, முழுசா உபயோகிச்சாக்கூட வருஷத்துக்கு இருநூறு நஷ்டம். அதுக்குத்தான் பால் வாங்க வந்தவங்ககிட்ட எல்லாம் கெஞ்சினீங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கார்டு வந்த அன்னிக்கே படிச்சுச் சொன்னேன். நீங்க துணியைத் தடவிக்கிட்டு இருந்தீங்க."

பில்லை முழுவதும் கட்ட வழியில்லை. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினார். மீதிக்கு வட்டி விழுந்தது. வட்டிக்கு வரியும் விழுந்தது. எந்தச் சதவீதத்தைத் தேடி அவ்வளவு அலைந்தாரோ அது இப்போது மாதாமாதம் தவறாமல் வீடு தேடி வந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து. ஹாஸ்டலில் இருந்த மகளுக்குப் புது மடிக்கணினி அடுத்த வருடம் என்றானது. முதலாளியம்மாவிடம் சம்பள முன்பணம் கேட்டபோது அவர், "மாமனாருக்கே அவ்வளவு செஞ்சவரு, உங்களுக்கென்ன பணமுடை?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

ஒருநாள் சகலை கடைக்கே வந்தார். வந்தவர் ஒரு ஃபிரேமைக் கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டே, "அண்ணே, அவளும் நானும் பேசினோம். செலவுல பாதி நான் தர்றேன். நியாயம் அதுதானே," என்றார். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் சதவீதத்துக்குத் தாங்கவில்லை. பாதி வாங்கினால் பாதிப் பெயர் போய்விடும்.

"எதுக்கு தம்பி? நமக்கு அது ஒரு பெரிய தொகையா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். பிறகு கண் பரிசோதனை அறைக்குள் போய், விளக்கைப் போடாமல், எழுத்துப் பலகையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அரை வருடம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார், கைத்தடி இல்லாமல், மாடிப்படி ஏறி அவர்கள் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பேங்க்ல போட்டு வெச்சிருந்தது இப்பத்தான் முதிர்ந்துது. அன்னிக்கு அதை உடைச்சுக் கட்டறதாத்தான் இருந்தேன், ஆனா நடுவுல எடுத்தா வட்டி போயிடும்னாங்க. நீங்கதான் கட்டிட்டீங்களே, என்ன அவசரம்னு விட்டுட்டேன்."

சதவீதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. காசோலையைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாமா, இது..."

"சாதா முட்டி, பொது அறை. நான் ஒதுக்கி வெச்சது அவ்வளவுதான். தனி அறையும் வெளிநாட்டு முட்டியும் நீங்க பிரியப்பட்டுச் செஞ்சது. அதுக்கும் நான் பணம் குடுத்தா உங்க மனசு நோகாதா?"

மனைவி சிரிப்பை அடக்கக் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். அப்பாமேல் வந்த கோபமும் கணவர்மேல் வந்த இரக்கமும் சேர்ந்து அவளை நடுவழியில் நிற்க வைத்தன. "இதைக் கொண்டுபோய் முதல்ல அந்தக் கார்டுல கட்டுங்க," என்றாள். "கட்டிட்டு நாளைக்கே கார்டை மூடிடணும். நானே போன் பண்றேன்."

"ஆமா, மூடிடலாம்," என்றார் சதவீதம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாகத் தோள்கள் இறங்கின. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

மாமனார் எழுந்து நின்று, புது முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினார். "இந்தக் கால் இரும்பு மாதிரி இருக்கு. இனிமே அந்தக் கால்தான். அதுவும் தேய்ஞ்சுடுச்சுங்கறாரு டாக்டர், அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காரு. நேத்து சின்ன மாப்பிள்ளை வந்திருந்தாரு. இந்தத் தடவை தானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

"ரொம்ப நல்லதுப்பா," என்றாள் மகள், அவசரமாக. "அவரே பாக்கட்டும்."

சதவீதம் காசோலையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அவரு எந்த முட்டி போடறதாச் சொன்னாரு?"